கை தெரிகிற தூரம்

விக்கிரமசிங்கபுரம்
11 ஜூன் 2023

தம்பி பேச்சிராஜுக்கு,

அக்கா பிரம்மநாயகி எழுதுவது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் காரியம்.

வாட்ஸப்பில் நான் நாலு பத்தி எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புகிறாய். பாளையங்கோட்டைப் பள்ளி விடுதியில் நான் இருந்தபோது, மூக்கு ஒழுக ஒழுக நீ எழுதிப் போட்ட கடிதங்களில்கூட இதைவிட விஷயம் இருந்தது. அதனால்தான் பழையபடி தபாலில் எழுதுகிறேன். இதற்குக் கட்டைவிரல் காட்ட முடியாது.

அப்பாவை நீ பிலாஸ்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாரம் ஆகிறது. நெஞ்சுக்கு அங்கே நல்ல டாக்டர் இருக்கிறார், செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றாய். வாரத்துக்கு ஒரு ரயில் போகிற ஊருக்கு எதற்கு என்று கேட்டேன். தீபாவளிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்றாய். சரி என்றேன். ஆனால் இந்த ஒரு வாரமாக நான் அப்பாவோடு பேசவே இல்லை. உன் போனில் ஒரு நாள் மின்விசிறி தெரிந்தது, இன்னொரு நாள் அப்பாவின் மூக்கு. போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டால் பேச ஒரு கைதான் மிச்சம். ஒரு கையால் பேசுவது பாதிப் பேச்சு.

உனக்கு மறந்திருக்கும், சொல்கிறேன். அப்பா என்னோடு பேசுவது பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த சைகை இல்லை. மில்லில் நூற்பு எந்திரத்து இரைச்சலில் அவரும் கூட்டாளிகளும் பேசிக்கொண்ட கைப்பேச்சு. டீ வந்துவிட்டது, மேஸ்திரி வருகிறார், நூல் அறுந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் அங்கே கை உண்டு. காது கேளாத பிள்ளை பிறந்ததும் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இப்போது வயதாகி அவருக்கும் காது போய்விட்டது. நீங்கள் கத்துவதற்கெல்லாம் தலையாட்டுவார். அது மரியாதைக்கு ஆட்டுகிற தலை. அவரோடு பேச இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன், எனக்கும் அவர் ஒருத்தர்தான்.

ஆகையால் வீட்டுக்கு ஒரு லேப்டாப் வாங்கு. எபனேசர் அண்ணாச்சி அச்சகத்தில் நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். வேகம் எவ்வளவு, நினைவகம் எவ்வளவு என்று கடைக்காரன் அடுக்குவான். நமக்கு அது வேண்டாம். திரை அகலமாக இருக்க வேண்டும். மூடி நன்றாகப் பின்னால் சாய வேண்டும், இல்லாவிட்டால் கேமரா தலையை மட்டும் பிடிக்கும். முக்கியமானது ஒன்று. கடையிலேயே கேமராவைத் திறந்து, அதன் முன்னால் கையை வேகமாக ஆட்டிப் பார். கை புகைபோல இழுபட்டுத் தெரிந்தால் வாங்காதே. செயலியும் இரண்டு பேர் மட்டும் பேசுகிற எளிய செயலியாகப் போடு. கூட்டம் நடத்துகிற செயலி வேண்டாம்.

எனக்கும் ஒன்று வாங்கிவிட்டேன். கலைச்செல்வியையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல். இப்போது சொல், நலமா?

அக்கா
பிரம்மு


பிலாஸ்பூர்
2 ஜூலை 2023

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேனா பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

லேப்டாப் வாங்கியாயிற்று. நீ சொன்ன அகலம் இல்லை. கலைச்செல்வி, "என்னங்க, பாப்பா பள்ளிக்கூடத்துக்கும் தூக்கிட்டுப் போணும்லா, சின்னதா இருந்தாத்தான் தோது" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தானே. நல்ல கம்பெனி, புது மாடல், விலையும் தள்ளிக் கொடுத்தான்.

கையை ஆட்டிப் பார்க்கச் சொன்னாய். ஆட்டினேன். கடையில் நின்ற பையன் நான் அவனைப் பார்த்து டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அவனும் கையை ஆட்டினான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அத்தோடு விட்டுவிட்டேன். கேமரா சுமாராகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். செயலியும் ஆபீஸ் மீட்டிங்குக்குப் பயன்படுத்துகிறதையே போட்டிருக்கிறேன். எனக்குப் பழகினது அதுதான், கோளாறு வந்தால் நானே சரிபார்த்துக்கொள்வேன்.

ஆனாலும் அக்கா, முதல் நாள் நீ திரையில் வந்ததும் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. இங்கே வந்ததிலிருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், கட்டிலிலிருந்து இறங்கி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்படிப் பேசினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் எதற்கோ சிரித்தீர்கள். எதற்கு என்று அப்பாவிடம் கேட்டால், "உனக்கு வெளங்காதுலே" என்று கையை விசிறிவிட்டார்.

டாக்டர் மாத்திரை மாற்றியிருக்கிறார். கவலைப்படாதே.

தம்பி
பேச்சிராஜ்


விக்கிரமசிங்கபுரம்
20 ஆகஸ்ட் 2023

தம்பிக்கு,

பாப்பாவின் பைக்குத் தோதான லேப்டாப்பில் அப்பாவின் விரல்கள் பத்தும் ஒரே விரலாகத் தெரிகின்றன. டாட்டா காட்டின பையனுக்கு என் நன்றியைச் சொல்.

கோபப்படாதே. ஒன்றுமே இல்லாததற்கு இது தேவலை. தினமும் சாயங்காலம் அச்சகத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, காலைக் கழுவிவிட்டு நேராகத் திரை முன்னால்தான் உட்காருகிறேன். படம் இழுப்பதால் இரண்டு பேரும் பையப் பையப் பேசுகிறோம். அப்பா இன்றைக்கு என்ன சாப்பிட்டார், எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சட்டை போட்டிருந்தார், எல்லாம் சொல்கிறார். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று தினமும் கேட்கிறார். நேற்று மட்டும் போய்ப் பார்க்காமல் ஒரு அளவைச் சொல்லிவிட்டேன். கண்டுபிடித்துவிட்டார்.

என்னையும் திட்டுகிறார். எனக்குக் கண் மங்கல், அவரைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்று முன்னால் சாய்ந்துவிடுகிறேன். உடனே அந்தப் பக்கம் என் தலை மட்டும் தெரிகிறதாம். இந்த ஒரு விஷயத்துக்கே நாளுக்கு நாலு தடவை வசவு வாங்குகிறேன்.

நீ பின்னால் நின்று பார்ப்பதாக எழுதியிருந்தாய். எனக்கும் தெரிகிறாய், கதவு ஓரத்தில், வயிறு வரைக்கும். முன்னால் வந்து உட்காரலாமே. உனக்கும் ஒரு காலத்தில் இந்தக் கை தெரியும். ஆறு வயதில் நீ எனக்காகக் கடையில் பேசியிருக்கிறாய். பிறகு அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் உன் சிநேகிதர்கள் பார்த்துச் சிரித்தார்கள் என்று கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டவன்தான். அன்றைக்கு உன்னைக் கூப்பிட நான் வாயால் ஒரு சத்தம் எழுப்பினேன். "கத்தாத அக்கா, எல்லாரும் பாக்காங்க" என்றாய். உன் உதட்டில் அதைப் படித்தேன். அதற்குப் பிறகு வெளியிடத்தில் நான் சத்தம் எழுப்பினதில்லை. குறையாகச் சொல்லவில்லை, ஞாபகம் வந்தது, எழுதினேன்.

அப்பாவுக்கு ஊருக்கு வர வேண்டும். உன்னிடம் சொல்லமாட்டார். என்னிடம் தினமும் சொல்கிறார். தீபாவளிக்கு டிக்கெட் போட்டாயா?

பிரம்மு


பிலாஸ்பூர்
29 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். தீபாவளிக்கு அப்பாவைக் கூட்டி வர முடியாது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. ரயிலில் ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலைவிட்டு இறங்குவதில்லை. கையைத் தூக்குவதே சிரமமாக இருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் உன்னோடு சரியாகப் பேச முடியவில்லை. அப்பாவுக்கு என் மேல் கோபமா என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தாய், அதெல்லாம் இல்லை.

கிளம்பி வரட்டுமா என்றும் நீ கேட்டாய். அடுத்த ரயிலில் இடம் இல்லை, பார்த்தேன். அதற்கடுத்ததில் காத்திருப்பில் போட்டிருக்கிறேன். தனியாக அவ்வளவு தூரம், எந்த ஸ்டேஷனில் என்ன அறிவிக்கிறார்கள் என்றுகூட உனக்குக் கேட்காது. கொஞ்சம் பொறு, டாக்டர் நல்ல வார்த்தை சொன்னாலும் சொல்லுவார்.

பலவேசம் சித்தப்பா போன் பண்ணினார். "அண்ணாச்சி மொகத்த ஒரு தடவ பாக்கணும்லே, எல்லாருமாச் சேந்து பாப்போம்" என்கிறார். ஆழ்வார்குறிச்சி அத்தை, முக்கூடல் மாமா, எல்லாரும் கேட்கிறார்கள். இந்தச் செயலியில் எத்தனை வீட்டையும் சேர்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிடுகிறேன். நீயும் வந்துவிடு. இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேருமோ என்னவோ, இணைப்பை வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

பேச்சிராஜ்


விக்கிரமசிங்கபுரம்
10 டிசம்பர் 2023

பேச்சிராஜுக்கு,

பாபநாசம் படித்துறையில் அப்பாவின் சாம்பலைக் கரைத்துவிட்டு நீ என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாய். நான் உன் உதட்டைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தினமும் கேட்ட தண்ணீர் அது.

எனக்காகக் காத்திருக்காமல் அங்கேயே தகனம் செய்தீர்கள். அதைக்கூட நான் கேட்கவில்லை. ரயில் இல்லை, நாள் இல்லை, புரிகிறது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் கேட்கிறேன்.

அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் நான் வந்து உட்கார்ந்தேன். என் திரையில் அப்பாவின் படத்தைப் பெரிதாக நிறுத்தி வைத்துக்கொண்டேன், அது எனக்குத் தெரியும். அவர் முகம் முழுக்கத் திரையை நிறைத்து இருந்தது. தோளுக்குக் கீழே ஒன்றும் இல்லை, கை இல்லை. நான் பேசினேன். அப்பா, நான் இங்கே இருக்கிறேன், டிக்கெட் கிடைத்துவிடும், வருகிறேன் என்றேன். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. திரையில் அங்கும் இங்கும் ஓடியது. எதையோ தேடியது. நான் கையைத் தூக்கித் தூக்கிப் பேசினேன். ஒரு தடவைகூட அந்தக் கண் என் மேல் நிற்கவில்லை.

அவர் திரையிலிருந்து என்னை நீ எடுத்துவிட்டாய். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் ஊமை அக்கா கையை ஆட்டிக்கொண்டிருப்பது உனக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும். பஸ் ஸ்டாண்டில் இருந்ததுபோல.

கடைசியில் அப்பாவின் தோள் மட்டும் இரண்டு மூன்று தடவை அசைந்தது. அவர் ஏதோ சொன்னார். கை எனக்குத் தெரியவில்லை. திரை கறுத்துவிட்டது. இரண்டாம் நாள் செய்தி வந்தது.

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். லேப்டாப்பை அச்சகத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். எனக்கு இனி வீட்டில் பேச யாரும் இல்லை.

பிரம்மநாயகி


பிலாஸ்பூர்
7 ஜனவரி 2024

அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அவ்வளவு கோபம். அப்புறம்தான் நம் ஆற்றில் வெள்ளம் என்று டிவியில் காட்டினார்கள். திருநெல்வேலி ஜங்ஷனெல்லாம் தண்ணீர். உன்னைக் கூப்பிட்டால் எதுவும் போகவில்லை. சித்தப்பாவுக்குப் போட்டேன், அவருக்கும் லைன் இல்லை. மறுநாள் சாயங்காலம்தான், "பிரம்மு நல்லாத்தான் இருக்கா, அங்கன மேட்டுல தண்ணி ஏறல" என்றார். அதுவரை நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நீ தடுத்து வைத்தது என்னைத்தான், வெள்ளத்தை இல்லையே.

உன்னை நான் எடுக்கவில்லை அக்கா. பாப்பா மேல் சத்தியம். அன்றைக்கு உன்னைத்தான் காணவே காணோம். எங்கள் திரையில் சித்தப்பா முகம் பெரிதாக வந்தது, அத்தை முகம் வந்தது, மாமா வந்தார், மறுபடி சித்தப்பா வந்தார். எல்லாரும் "அண்ணே, கேக்குதா, அண்ணே" என்று கத்தினார்கள். அழுதார்கள். நீ ஒரு ஓரத்தில் தபால்தலை அளவில் இருந்தாய், அவ்வளவுதான். அக்கா எதுவும் சொல்லமாட்டேன் என்கிறாளே என்று எனக்கே வருத்தமாக இருந்தது. அப்பா உன்னைக் கேட்டார். உன் பெயருக்கு அவர் வைத்திருக்கிற கை எனக்குத் தெரியும், அதை மட்டும் நான் மறக்கவில்லை. இருக்கிறாள் அப்பா, அங்கேதான் இருக்கிறாள் என்று திரையைக் காட்டினேன். பார்த்தார். அங்கே சித்தப்பா அழுதுகொண்டிருந்தார்.

அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் லேப்டாப்பை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். கை தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மேல் தப்பு இருந்தால் இது ஒன்றுதான். மற்றபடி உனக்காக நான் ஒன்றும் செய்யாமல் இல்லை. உன் வீட்டுப் பின்கட்டுத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் பேரிரைச்சலாக வந்தது. "யாரு வீட்டுலடே இவ்வளவு எரச்சலு" என்று சித்தப்பா எரிந்து விழுந்தார். உன் பேரைச் சொல்லித் திட்டிவிடுவாரோ என்று உன் மைக்கை மட்டும் நான் இங்கிருந்தே அணைத்து வைத்தேன். உனக்கு அது எதற்கு, தேவையில்லைதானே.

கடைசியில் ஒவ்வொருவராக வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் போனபிறகு நீ மட்டும் மிச்சம் இருந்தாய். அப்போதுதான் உன் முகம் பெரிதாக வந்தது. அழுதுகொண்டிருந்தாய். அப்பா கையைக் கொஞ்சம் தூக்கி ஏதோ காட்டினார். என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. கலைச்செல்வி, "மூச்சு வாங்குது, போதும்" என்றாள். மூடிவிட்டேன்.

நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

பேச்சிராஜ்


விக்கிரமசிங்கபுரம்
28 ஜனவரி 2024

தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மைக்கை அணைத்தேன், உனக்கு அது எதற்கு என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரி.

எபனேசர் அண்ணாச்சியிடம் காட்டினேன். அச்சகத்தில் ஆளுக்கொரு கணினியில் உட்கார்ந்து அதே செயலியில் கூட்டம் போட்டுப் பார்த்தோம். அண்ணாச்சி பேசினார், அவர் முகம் பெரிதாக வந்தது. பக்கத்து வீட்டு முத்துராணியை என்னோடு கூட்டிப் போயிருந்தேன், அவள் இருமினாள், அவள் வந்தாள். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். வரவில்லை. மேஜையில் ஓங்கித் தட்டினேன். உடனே வந்தேன். மைக்கை அணைத்துவிட்டுத் தட்டினேன். வரவில்லை. எத்தனை தட்டினாலும் வரவில்லை.

விளங்குகிறதா? யார் சத்தம் போடுகிறார்களோ அவர்களைத்தான் அது பெரிதாகக் காட்டும். காது கேட்கிறவர்களுக்காகக் காது கேட்கிறவர்கள் செய்தது, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு அப்பாவுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கேட்காத மனிதருக்கு, கத்துகிறவர்களை மட்டும் அது மாறி மாறிக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் கண் ஓடினதன் காரணம் இப்போது புரிகிறது. வாய்களுக்கு நடுவில் ஒரு கையைத் தேடியிருக்கிறார்.

அந்த மழையை நீ விட்டிருக்கலாம். எனக்கு மழை கேட்காது, தகரம் இரைகிறது என்று நான் அறியவே மாட்டேன். நீ விட்டிருந்தால் அந்த மழையே என்னை அப்பாவுக்குக் காட்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். அன்றைக்கு நான் கத்தினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பிறகு முதல் தடவையாக. வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து, அப்பாவைக் கூப்பிட்டேன். என்ன சத்தம் வந்ததோ எனக்குத் தெரியாது. முத்துராணி சோறு கிளறின கரண்டியோடு ஓடி வந்தாள். யாரோ என்னை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தாளாம். திரையில் ஒருவர் முகமும் மாறவில்லை. சித்தப்பா அழுதபடியே இருந்தார். நான் கத்தினதைக்கூட யாரும் மதிக்கவில்லை என்று நினைத்தேன். உன்னை வெறுத்தது அந்த நிமிஷத்தில்தான்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. நம்புகிறேன். என்னைத் திட்டு வாங்காமல் காப்பாற்ற நினைத்தாய். நம்பினபிறகுதான் இன்னும் வலிக்கிறது. கோபம் இருந்தபோது பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசியில் அப்பா ஏதோ காட்டினார் என்றாயே, என்ன காட்டினார்? விரல் எப்படி இருந்தது, எத்தனை தடவை, எந்தப் பக்கம்? எல்லாவற்றையும் எழுது. எனக்கு அது வேண்டும். உன்னிடம் வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

அக்கா


பிலாஸ்பூர்
25 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். பாத்ரூமில் போய் நின்றுகொண்டு அழுதேன். வேறு என்ன எழுத.

நீ கத்தியிருக்கிறாய். நான் இங்கே ஒரு பொத்தானை அமுக்கி வைத்துவிட்டு, அக்கா வாயைத் திறக்கவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். பத்து வயதிலும் அதைத்தான் செய்தேன், நாற்பது வயதிலும் அதையே செய்திருக்கிறேன். அப்பா உன்னை மூன்று தடவை கேட்டார் அக்கா. போன கடிதத்தில் ஒரு தடவைபோல எழுதினேன். மூன்று தடவை. மூன்றாவது தடவை நான் திரையைக் காட்டியபோது, என்னை ஒரு பார்வை பார்த்தார். பொய் சொல்கிறவனைப் பார்க்கிற பார்வை.

நீ கேட்டதற்கு வருகிறேன். இந்த மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். உள்ளங்கை வெளிப்பக்கம் இருந்தது, தள்ளுவதுபோல ஒன்று. அதற்குப் பிறகு விரலில் ஒன்று, அதற்குப் பிறகு கண்ணை ஒரு மாதிரி செய்தார். எழுதிப் பார்த்தால் அது வேறு எதுவோ ஆகிவிடுகிறது. தப்பாக எழுதினால் அப்பா சொல்லாத ஒன்றை நீ வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டிருப்பாய். எனக்குப் பயமாக இருக்கிறது.

காட்டத்தான் முடியும். மறந்துவிடக் கூடாது என்று தினமும் குளிக்கிற இடத்துக் கண்ணாடியில் செய்து பார்க்கிறேன். கலைச்செல்வி ஒரு நாள் பார்த்துவிட்டாள். மறுநாள் அவளே கடைக்குப் போய்த் தனியாக மாட்டுகிற கேமரா ஒன்று வாங்கி வந்தாள். கடையில் வைத்துக் கையை ஆட்டிப் பார்த்துத்தான் வாங்கினாளாம். விரல் விரலாகத் தெரிகிறது அக்கா. முதலிலேயே செய்திருக்க வேண்டியது. முன்னால் ஒரு விளக்கும் வைத்திருக்கிறேன். நீ முதலில் சொன்ன மாதிரி இரண்டு பேர் மட்டும் பேசுகிற செயலியைப் போட்டிருக்கிறேன்.

அந்த மூடியை நான் மூடியிருக்கக் கூடாது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்.

தடுப்பை எடுத்துவிடு. இந்தக் கடிதம் கிடைத்ததும் எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, சாயங்காலம் கூப்பிடு. நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

தம்பி


விக்கிரமசிங்கபுரம்
11 மார்ச் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நான் சட்டென்று அணைத்துவிட்டு எழுந்து போனது கோபத்தில் இல்லை. நீ கையைத் தூக்கி அப்பா சொன்னதைச் செய்து காட்டினாய். பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அதைத் திரும்ப உனக்குச் சொல்ல என் கை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ நன்றாகத்தான் செய்தாய். விரல் கொஞ்சம் திக்குகிறது, பழகினால் சரியாகிவிடும். அப்பாவுடைய கை எப்படி மடங்குமோ அப்படியே உனக்கும் மடங்குகிறது. இதுவரை நான் அதைக் கவனித்ததில்லை, நீதான் என் முன்னால் கையை நீட்டினதே இல்லையே.

அது பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை தம்பி. போகிறேன் என்றோ, அழாதே என்றோ இல்லை. ஆசீர்வாதமும் இல்லை. நாளுக்கு நாலு தடவை என்னைத் திட்டுவாரே, அதே வசவுதான். மில்லில் ஆள் ரொம்பக் கிட்ட வந்து நின்றுகொண்டு பேசினால் அப்படித்தான் சொல்லுவார்களாம். "தள்ளி உக்காரு, உன் கை தெரியல."

அதனால் அவர் என்னைப் பார்த்திருக்கிறார். அதை வேறு யாரிடமும் அவர் சொல்லமாட்டார், வேறு யாருடைய கையும் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. எல்லாரும் போனபிறகு நான் வந்தேன், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்திருக்கிறார். நான் என்ன செய்தேன்? அழுதுகொண்டு திரையில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன். கை கீழே மடியில் கிடந்தது. நீ மூடினது தப்புதான். ஆனால் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்திருந்தால் அந்த ஒரு நிமிஷம் போதும், வருகிறேன் அப்பா என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்டதே அவ்வளவுதான். இதை உன் கணக்கில் மட்டும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வோம்.

லேப்டாப்பை அச்சகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சாயங்காலம் வந்ததும் காலைக் கழுவிவிட்டு அதன் முன்னால் போய் உட்காருகிற பழக்கம் போகமாட்டேன் என்கிறது. திறக்காமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். இனி திறக்கலாம் என்று நினைக்கிறேன். கலைச்செல்வியையும் ஒரு நாள் கூட வந்து உட்காரச் சொல், அவள் வாங்கின கேமராவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பாப்பாவுக்கு அவள் பெயருக்கு அப்பா வைத்த கை என்னவென்று தெரியுமா, கேட்டுப் பார். தெரியாவிட்டால் நான் காட்டுகிறேன்.

நேற்றே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று. காட்டி முடித்ததும் அழுதுகொண்டே நீ முன்னால் வந்துவிட்டாய். உன் நெற்றியும் மூக்கும்தான் தெரிந்தது. நீ ஏதோ பேசிக்கொண்டிருந்தாய், எனக்கு ஒன்றும் எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கொஞ்சம் தள்ளி உட்கார். உன் கை தெரியவில்லை.

அக்கா
பிரம்மு